அமெரிக்காவில் மருத்துவம் பயிலும் கறுப்பினப் பெண்கள்: தடை வாசலில் மட்டும்தானா?

#1 தேன்மொழி, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால் அந்நாட்டு மருத்துவர்களில் அவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள். கறுப்பினப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மூன்றுக்கும் குறைவு. 2023 ஜூன் மாதம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை 11.6 விழுக்காடு குறைந்துவிட்டதாக அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தெரிவித்தது.

இதைப் பற்றிய பேச்செல்லாம் யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. நுழைந்த பிறகு, வகுப்பறையிலும் வார்டிலும் அறுவை அரங்கிலும் அந்தப் பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். முதல் கறுப்பினப் பெண் பட்டம் பெற்று 160 ஆண்டுகள் கடந்த பின்னும் எண்ணிக்கை இப்படி இருப்பதற்கு வாசல் மட்டுமே காரணமாக இருக்க முடியுமா? அங்கே பயின்றவர்களும் வரலாறு அறிந்தவர்களும் எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 பழைய ஏடு, மதுரை

தேன்மொழி அம்மா, உங்கள் கேள்விக்கு 1864ஆம் ஆண்டிலேயே ஒரு பாதி விடை கிடைக்கிறது. ரெபெக்கா லீ கிரம்ப்ளர் அவ்வாண்டு பாஸ்டனில் இருந்த நியூ இங்கிலாந்து பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1860இல் அமெரிக்காவில் இருந்த சுமார் 54,500 மருத்துவர்களில் பெண்கள் 300 பேர். அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் அல்லர். கிரம்ப்ளர் எட்டாண்டுகள் செவிலியாகப் பணியாற்றி, உடன் பணிபுரிந்த மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்களோடு கல்லூரியில் சேர்ந்தவர். ஆயினும் இறுதித் தேர்வை முடித்த அவருக்குப் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கும்போது ஆசிரியர் குழு தயக்கத்தைப் பதிவு செய்தே கையெழுத்திட்டது. அந்தத் தயக்கத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மதிப்பீட்டுத் தாள்களைப் பற்றி யாரேனும் எழுதினால் அது பயன்படும்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் அவர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகருக்குச் சென்று, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு மருந்து தர அங்கிருந்த மருந்துக்கடைக்காரர்கள் முரண்டு பிடித்ததாகச் சொல்லப்படுகிறது. பெண்கள், குழந்தைகள் உடல்நலத்தைப் பற்றி 1883இல் அவர் ஒரு மருத்துவ நூலை வெளியிட்டார். 1895இல் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நடப்பட்டதோ 2020இல்தான்.

எனக்கு இவரைவிட எலைசா கிரியர் முக்கியமானவராகத் தோன்றுகிறார். அடிமைத்தனத்தில் பிறந்த அந்தப் பெண் 1890இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மிடம் பணம் இல்லை, உழைத்துச் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரைத் தவிர வேறு வழியும் இல்லை, ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு ஏதேனும் உதவி கிடைக்குமா என்பதே அதன் சாரம். ஓர் ஆண்டு படிப்பு, அடுத்த ஆண்டு பருத்தி எடுக்கும் வேலை என்று மாறி மாறி ஓட்டி, ஏழு ஆண்டுகளில் 1897இல் அவர் பட்டம் பெற்றார். ஜார்ஜியா மாநிலத்தில் தொழில் நடத்தத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1902இல், காலமானார். படித்த காலத்தையும் தொழில் பார்த்த காலத்தையும் ஒப்பிட்டால் மனம் கனக்கிறது.

அடுத்து, இந்த வரலாற்றில் எவரும் தாண்டிச் செல்லக்கூடாத ஓர் ஆண்டு 1910. அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, தரமற்ற கல்லூரிகள் பலவற்றை மூடவைத்தது. அவற்றுள் உண்மையிலேயே மூடப்பட வேண்டியவை நிறைய இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில், வாஷிங்டனில் உள்ள ஹோவர்டும் நாஷ்வில்லில் உள்ள மெஹாரியும் மட்டுமே தப்பின. மற்ற ஐந்தும் 1923க்குள் மறைந்தன. கறுப்பின மருத்துவர்கள் அறுவை மருத்துவத்தைவிடச் சுகாதாரப் பணிக்கே பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்றும், கறுப்பினத்தவரின் நோய் வெள்ளையருக்குத் தொற்றாமல் காப்பதற்கு அது தேவை என்றும் அந்த அறிக்கையே கூறுகிறது. மூடப்பட்ட ஐந்தும் தொடர்ந்து இயங்கியிருந்தால் 2019க்குள் மேலும் ஏறத்தாழ 35,000 பேர் வரை பட்டம் பெற்றிருக்கலாம் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மகளிர் கல்லூரிகளும் அதே காலத்தில் ஒவ்வொன்றாக மூடப்பட்டதால், கறுப்பினப் பெண் இரண்டு பக்கமும் இடம் இழந்தாள்.

#3 ரேவதி, அட்லாண்டா

பேராசிரியர் ஐயா, எலைசா கிரியர் தொழில் தொடங்கியது எங்கள் அட்லாண்டாவில்தான். பத்தாண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் அவர் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். தனிக் கல்லூரிகள் மூடப்பட்ட பிறகு, வெள்ளையர் கல்லூரிகளில் இடம் கிடைத்த கறுப்பினப் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

#4 பழைய ஏடு, மதுரை

ரேவதி, ஒரே ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். எடித் அர்பி ஜோன்ஸ் 1948இல் அர்கன்சா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தென் மாநிலங்களில் அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது நாடு முழுவதும் செய்தியானது. படிப்புக்கான பணத்தில் ஒரு பகுதியை ஊர் மக்கள் சில்லறையாகத் திரட்டிக் கொடுத்தார்கள். வகுப்பில் மற்றவர்களோடு அமரலாம்; ஆனால் உணவும் கழிப்பறையும் தனி. தனியாக உண்ண வேண்டியிருந்த அந்த மேசையில், அங்கே வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள் வெள்ளை விரிப்பு விரித்துப் பூ வைத்ததாகச் சொல்வார்கள். வெள்ளை மாணவர்கள் சிலர் தட்டோடு வந்து அவரோடு அமர்ந்து உண்டதும் உண்டு. 1952இல் பட்டம் பெற்ற அவர், 1985இல் கறுப்பின மருத்துவர்களின் தேசிய மருத்துவச் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணானார். அந்தச் சங்கம் 1895இல் தோன்றியதற்குக் காரணமே, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்ததுதான். அதற்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். கல்லூரிக்குப் பேச வந்த எடித் ஜோன்ஸைக் கேட்ட பிறகுதான் ஜாய்செலின் எல்டர்ஸ் என்ற மாணவிக்கு மருத்துவர் ஆகும் எண்ணமே வந்தது. அதற்கு முன் அவர் தம் வாழ்நாளில் ஒரு மருத்துவரைச் சந்தித்ததே இல்லை. அதே அர்கன்சா கல்லூரியில் 1960இல் பட்டம் பெற்ற அந்த மாணவி 1993இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனார்.

#5 சிவக்கொழுந்து, சேலம்

வரலாற்றை யாரும் மறுக்கவில்லை. இருப்பினும் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுகிறேன். பல பத்தாண்டுகளாக அங்கும் இட ஒதுக்கீடு இருந்தது. நுழைவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்கள் பின்னர் பயிற்சியில் தடுமாறினால், அதற்கெல்லாம் இனவெறியைக் காரணம் காட்டுவது நியாயமா? உயிரோடு விளையாடும் தொழில் இது.

#6 நெறியாளர்

நீட் தேர்வு, தமிழ்நாட்டு இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றி வந்த பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே எடுத்துக்கொண்ட பொருளில் நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சிவக்கொழுந்து அவர்களின் கேள்வி பொருளோடு தொடர்புடையது என்பதால் அப்படியே விடப்படுகிறது.

#7 கதிரவன், டெட்ராய்ட்

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் உள் மருத்துவத்தில் ரெசிடென்சி என்னும் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, இப்போது அட்டெண்டிங், அதாவது பயிற்சி மருத்துவர்களை மேற்பார்க்கும் மூத்த மருத்துவராக இருக்கிறேன். இளம் மருத்துவர்களுக்கு மதிப்பெண் போடும் நாற்காலியிலும் அமர்ந்திருக்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிவக்கொழுந்து ஐயாவுக்கு. அங்கே இருந்ததை நம் ஊர் இட ஒதுக்கீட்டோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி நூறு இடங்களில் பதினாறைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கி வைத்திருந்தது. அதை எதிர்த்து வந்த வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு 2023 வரை இருந்தது, பல காரணிகளுள் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்ற அனுமதி மட்டுமே. சேர்ந்த பிறகு தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். ஸ்டெப் 1, ஸ்டெப் 2, ஸ்டெப் 3 என்ற உரிமத் தேர்வுகளில் எவருக்கும் சலுகை கிடையாது. தேர்ச்சி பெறாதவர் நோயாளியைத் தனித்துத் தொட முடியாது.

இனி, பயிற்சியில் தடுமாறுகிறார்களா என்ற கேள்வி. மருத்துவக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு; விடை சரியென்றால் சரி. மூன்றாம் ஆண்டில் வார்டுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கு அட்டெண்டிங்கும் மூத்த ரெசிடென்ட்டும் எழுதும் மதிப்பீட்டைப் பொறுத்தது. தன்னம்பிக்கை இருக்கிறதா, குழுவோடு ஒத்துப்போகிறாரா, தொழில்முறைப் பண்பு எப்படி என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கும். ஒரே நடத்தைக்கு இரண்டு பெயர் வைக்க இங்கே நிறைய இடம் உண்டு. ரவுண்ட்ஸின்போது மருந்தின் அளவு தவறென்று ஒரு வெள்ளை மாணவர் சொன்னால், அவர் துணிவாகச் சிந்திப்பவர் என்று எழுதப்படும். அதையே ஒரு கறுப்பின மாணவி சொன்னால், பேச்சில் கடுமை தெரிகிறது என்று எழுதப்படும். மதிப்பீட்டுக் குழுக் கூட்டங்களில் இரண்டையும் ஒரே பிற்பகலில் வாசித்திருக்கிறேன். அமைதியாக இருந்தால் ஆர்வமில்லை என்று பெயர். பேசினால் கோபக்காரி என்று பெயர். எந்த அளவு பேசினால் எந்தப் பெயரும் வராது என்பதை அந்தப் பெண்கள் ஒவ்வொரு மாதமும், புதிய வார்டு மாறும்போதெல்லாம், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எண்களும் உண்டு. சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா என்ற கௌரவ அமைப்பில் இடம் பெறுவது, நல்ல ரெசிடென்சி கிடைப்பதற்குப் பெரிதும் உதவும். தேர்வு மதிப்பெண், ஆய்வு வெளியீடுகள், சமூகப் பணி ஆகியவற்றைச் சமமாக்கிப் பார்த்த பிறகும், வெள்ளை மாணவர்கள் அதில் இடம் பெறும் வாய்ப்பு கறுப்பின மாணவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம் என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. மதிப்பெண் சமமாக இருக்கும்போதும் இந்த இடைவெளி வருகிறது, ஐயா. அதனால்தான் சில கல்லூரிகள் அந்த அமைப்போடு தங்கள் தொடர்பையே நிறுத்தி வைத்தன.

ரெசிடென்சியில் இது இன்னும் கூர்மையாகிறது. பயிற்சி மருத்துவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருந்தபோது, 2015இல் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டவர்களில் அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தனர். நீக்கத்துக்கு முன்னால் வருவது பெரும்பாலும் சீர்திருத்தக் கண்காணிப்பு என்ற நடவடிக்கை. வெள்ளையர் செய்யும் பிழை கற்றுக்கொள்ளும் வாய்ப்பாகப் பேசப்படுகிறது. கறுப்பினப் பெண் செய்யும் பிழை கோப்பில் ஏறுகிறது. இரவுப் பணியில் நோயாளியின் இரத்தத்தில் உள்ள பொட்டாசியம் அளவைத் தாமதமாகப் பார்ப்பது நாங்கள் எல்லாரும் ஏதோ ஓர் இரவில் செய்ததுதான். ஆனால் யாருடைய தாமதம் மின்னஞ்சலாக மாறிப் பயிற்சித் திட்ட இயக்குநருக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். என் ரெசிடென்சிக் காலத்தில் எங்கள் குழுவின் மூத்த ரெசிடென்ட் ஒரு கறுப்பினப் பெண். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெத்தாஸ்கோப், மார்பில் பேட்ஜ், பின்னால் நாங்கள் நான்கு பேர். அவர் அறைக்குள் நுழைந்ததும் படுக்கையிலிருந்த முதியவர், முடித்துவிட்டேன், எடுத்துக்கொள் என்று சாப்பாட்டுத் தட்டை நீட்டினார். அவர் தட்டை வாங்கிச் சன்னல் திண்டில் வைத்தார். கையைச் சுத்திகரிப்பு நீரால் துடைத்துக்கொண்டு, தம் பெயரையும், தாம்தான் அவருடைய மருத்துவர் என்பதையும் சொல்லி, இதயச் செயலிழப்புக்கு முந்தைய நாள் மாற்றிய மருந்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார். முதியவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே தலையசைத்துக்கொண்டிருந்தார். நான் அப்போது இன்டர்ன், அதாவது பயிற்சியின் முதல் ஆண்டில் இருப்பவன். அந்த அறையில் எல்லாரையும்விட இளையவன். ஆங்கிலம் சரியாகப் பேசுவேனா என்று ஐயப்பட்ட நோயாளிகள் எனக்கும் உண்டு. ஆனால் என் கையில் எவரும் தட்டைக் கொடுத்ததில்லை.

இப்படி ஒரு நாளைக்கு ஒன்று நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை செய்யும் ஒருவருக்கு இது கூடுதல் வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, படிவத்தில் இடமும் இல்லை. 2016 அக்டோபரில் டெல்டா விமானத்தில் ஒரு பயணி மயங்கியபோது உதவ முன்வந்த கறுப்பினப் பெண்ணான ஹூஸ்டன் மகப்பேறு ரெசிடென்ட் ஒருவரிடம், உண்மையான மருத்துவரைத் தேடுகிறோம், கையைக் கீழே போடு என்ற பொருளில் பணிப்பெண் பேசியதாக அவர் எழுதியது உலகம் முழுவதும் பரவியது. பின்னர் அந்நிறுவனம், உதவ வரும் மருத்துவரிடம் சான்று கேட்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அந்தச் செய்தியைப் படித்து என் வெள்ளை நண்பர்கள் வியந்தார்கள். என் கறுப்பினத் தோழிகளில் ஒருவரும் வியக்கவில்லை.

நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். இந்திய, இலங்கை மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் நிறைய இருக்கிறோம். பலர் அட்டெண்டிங், சிலர் பயிற்சித் திட்டங்களின் இயக்குநர்கள். மேலே சொன்ன மதிப்பீடுகளில் நம் கையெழுத்தும் இருக்கிறது. விருந்துகளில் நம்மவர் பேசும் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்பது புரியும்.

#8 தேன்மொழி, கோயம்புத்தூர்

கதிரவன், நான் கேட்க நினைத்ததைச் சரியாகத் தொட்டீர்கள். கிரம்ப்ளருக்குப் பட்டம் தரத் தயங்கிய ஆசிரியர் குழுவைப் பேராசிரியர் ஐயா ஏன் கவனத்தில் வைக்கச் சொன்னார் என்பதும் இப்போது விளங்குகிறது. உங்கள் ஊரிலேயே பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர் அலெக்சா கனடியைப் பற்றி நீங்கள் எழுதாதது வியப்பாக இருக்கிறது.

#9 கதிரவன், டெட்ராய்ட்

எழுதியிருக்க வேண்டியவர்தான். 1975இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இன்டர்னாக யேல் நியூ ஹேவன் மருத்துவமனைக்குச் சென்ற முதல் நாளில், ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த அவரைக் கடந்து சென்ற நிர்வாகி ஒருவர், நீதான் எங்கள் புதிய சம வாய்ப்புப் பொட்டலமா என்று கேட்டார். கறுப்பினத்தவர், பெண் என்ற இரண்டு கணக்கும் ஒரே ஆளில் தீர்ந்துவிட்டது என்ற கேலி அது. 1981இல் அவர் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் மூளை அறுவை மருத்துவரானார். 1987 முதல் 2001 வரை டெட்ராய்டில் உள்ள மிச்சிகன் குழந்தைகள் மருத்துவமனையில் அத்துறைக்குத் தலைவராக இருந்தார். இங்கே அவர் கைபட்டுப் பிழைத்த குழந்தைகள் இன்று நடுத்தர வயதினர்.

#10 ரேவதி, அட்லாண்டா

என் மகள் இங்கே மருத்துவம் படிக்கிறாள். அவளோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் பெண் கறுப்பினத்தவர்; நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். அறுவை மருத்துவ வார்டு தொடங்குவதற்கு முந்தைய இரவு இருவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மருத்துவமனை தரும் தொப்பி அவளுடைய நீண்ட பின்னல்களை மூடுவதில்லை. இரண்டு தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பின்கழுத்தில் ஊசி குத்தி, கண்ணாடி முன் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு இழை வெளியே தெரிந்தாலும், கிருமி நீக்க விதி தெரியாதவள் என்று அரங்கிலேயே சொல்லிவிடுவார்களாம். என் மகள் கூந்தலை ஒரு சுருட்டுச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துவிட்டு உறங்கப் போய்விட்டாள். அந்தப் பெண்ணோ அந்த இரவில் படித்திருக்க வேண்டிய குடலிறக்க அறுவைப் பகுதியைப் படிக்கவே இல்லை.

நேர்காணலுக்குப் பின்னலோடு போவதா, முடியை நேராக்கிக்கொண்டு போவதா என்பதற்கே அவர்களுக்குள் நீண்ட ஆலோசனை நடக்கிறது. முடியின் இயல்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாதென்று கலிபோர்னியா 2019இல் சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஜார்ஜியாவில் மாநிலச் சட்டம் எதுவும் வந்ததாக நான் அறியேன்.

#11 யாழினி, லண்டன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிரித்தானியாவில் தோல் மருத்துவத்தில் பயிற்சி பெறுகிறவள். இழை அமெரிக்காவைப் பற்றியது என்பதால் ஒரு விடயத்தை மட்டும் எழுதுகிறேன்.

பாடமே ஒருவரை வெளியே நிறுத்துவதும் உண்டு. தோல் சிவந்திருக்கும், உதடு நீலம் பாரித்திருக்கும் என்று பாடநூல் சொல்லும். படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில்தான். கறுப்பின மாணவி தன் தாயின் தோலில் அந்த நோய் எப்படித் தெரியும் என்பதை வகுப்பில் படிக்காமலேயே தேர்ச்சி பெற்று வருகிறாள். 2020இல் லண்டனில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஒரு கறுப்பின மாணவரே இந்தக் குறையைக் கண்டு, கறுத்த, பழுப்புத் தோல்களில் நோய்க்குறிகளைக் காட்டும் கையேடு ஒன்றைத் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அடுத்த ஆண்டு நைஜீரியரான ஓர் ஓவியர் வரைந்த, கருவறைக்குள் கறுப்பினக் குழந்தை இருக்கும் படத்தைக் கண்டு, இப்படி ஒரு மருத்துவப் படத்தை முதன்முறையாகப் பார்க்கிறோம் என்று எத்தனையோ மருத்துவர்கள் எழுதினார்கள்.

அமெரிக்காவில் 2016இல் வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு நடத்தினர். கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்யான கூற்றுகளில் ஒன்றையேனும் அவர்களில் பாதிப்பேர் ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தும் மதிப்பிட்டனர். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் இனத்துக்கென இருந்த பெருக்கல் எண்ணை 2021இல்தான் நீக்கினார்கள். அதுவரை அந்தச் சூத்திரத்தைக் கறுப்பின மாணவியும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியாக வேண்டும். அந்த எண் ஏன் அங்கே இருக்கிறது என்று வகுப்பில் கேள்வி எழுப்பி, அதை அகற்றக் காரணமானவர்களில் மாணவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே பதிந்து வைக்க விரும்புகிறேன்.

#12 சிவக்கொழுந்து, சேலம்

கதிரவன் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. மதிப்பெண் சமமாக்கிய பிறகும் ஆறு மடங்கு என்பது நான் எதிர்பார்க்காத தகவல். ஆயினும் என் இரண்டாவது ஐயம் நிற்கிறது. நோயாளிக்குத் தேவை திறமையான மருத்துவர்; அவர் என்ன நிறம் என்பது ஏன் பொருட்டாக வேண்டும்? கறுப்பின மருத்துவர் பார்த்தால் கறுப்பினக் குழந்தைகள் அதிகம் பிழைக்கின்றன என்றொரு ஆய்வைப் பற்றியும் படித்தேன். அதை நம்பலாமா?

#13 யாழினி, லண்டன்

அந்த ஆய்வைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2020இல் வெளிவந்து மிகவும் பேசப்பட்டது. ஆனால் மிகக் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைகளைச் சரியாகக் கணக்கில் சேர்த்து 2024இல் மறு ஆய்வு செய்தபோது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நல்ல நோக்கத்துக்காக வலுவற்ற சான்றைச் சுமப்பது பின்னால் நமக்கே வினையாகும்.

வேறு சான்றுகள் இருக்கின்றன. ஓக்லண்டில் கறுப்பின ஆண்களிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த சோதனையில், கறுப்பின மருத்துவர் பேசியபோது நீரிழிவு, கொழுப்புப் பரிசோதனை போன்றவற்றுக்கு ஒப்புக்கொண்டவர்கள் தெளிவாக அதிகரித்தார்கள். பிள்ளைப்பேற்றை ஒட்டிய இறப்பு அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடையே வெள்ளைப் பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இதற்குக் கறுப்பின மருத்துவர்களைச் சேர்ப்பது மட்டுமே மருந்தாகிவிடாது. ஆனால் என்னைக் கேட்டால், ஐயா, நோயாளிக்குப் பயன் உண்டு என்று நிறுவினால்தான் ஒரு பெண்ணுக்குப் பயிற்சியில் நியாயம் கிடைக்கும் என்ற வாதமே கோணலானது. வெள்ளை மாணவர் எவரிடமும் அந்த நிபந்தனையை நாம் வைப்பதில்லை.

#14 தேன்மொழி, கோயம்புத்தூர்

பணத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. எலைசா கிரியர் பருத்தி எடுத்துப் படித்த நாட்டில் இன்றைய நிலை என்ன?

#15 பழைய ஏடு, மதுரை

கடன்தான். அங்கே மருத்துவப் பட்டம் பெறுவோர் பலர் இரண்டு லட்சம் டாலர் அளவுக்குக் கடனோடு வெளிவருகிறார்கள். கறுப்பின மாணவர்களின் கடன் மற்றவர்களைவிடக் கூடுதல். குடும்பச் சொத்து இல்லாதவருக்கு, தேர்வுக் கட்டணம் முதல் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் செலவு வரை எல்லாமே கடன். 2024இல் சில பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு முன்னாள் பேராசிரியை நூறு கோடி டாலர் அளித்து, கல்விக் கட்டணமே இல்லாமல் ஆக்கினார். ஹோவர்டு, மெஹாரி, மோர்ஹவுஸ், சார்லஸ் டுரூ ஆகிய நான்கு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளுக்கு ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 60 கோடி டாலர் அறிவித்தது.

பலர் அறியாத இன்னொரு வழி கியூபா. ஹவானாவில் 1999இல் தொடங்கிய லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி, அமெரிக்க ஏழை மாணவர்களையும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டது. தங்குமிடமும் உணவும் இலவசம். திரும்பிச் சென்று மருத்துவர் இல்லாத பகுதிகளில் பணியாற்ற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அங்கே படித்துத் திரும்பியவர்களில் கறுப்பினப் பெண்கள் கணிசமானோர். ஸ்பானிய மொழியில் ஆறாண்டு படித்துவிட்டு, ஆங்கிலத்தில் உரிமத் தேர்வெழுதி, நம் கதிரவன் தம்பியைப் போல வெளிநாட்டுப் பட்டதாரி என்ற வரிசையில் நின்று சொந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது.

#16 சிவக்கொழுந்து, சேலம்

கதிரவன் அவர்களே, நிறைவாக ஒன்று. மதிப்பெண் போடும் நாற்காலியில் இருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் துறையில் எதையேனும் மாற்ற முடிந்ததா?

#17 கதிரவன், டெட்ராய்ட்

சிறிய அளவில்தான், ஐயா. மதிப்பீட்டுப் படிவத்தில் பண்பைக் குறிக்கும் சொற்களை மட்டும் எழுதி அனுப்பினால் இப்போது ஏற்பதில்லை. எந்த நாள், எந்த நோயாளி, என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அப்படிக் கேட்டதும், கடுமையானவர் என்று எழுதப்பட்ட பல மதிப்பீடுகளுக்கு எழுதியவரிடமே ஒரு நிகழ்ச்சிகூட இல்லை என்பது தெரிந்தது. சிலர் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டனர். கண்காணிப்பில் வைக்கும் முடிவை இயக்குநர் ஒருவரே எடுப்பதையும் நிறுத்தி, பெயரை மறைத்துக் கோப்பைக் குழுவின் முன் வைக்கிறோம்.

அடையாள அட்டைக்குக் கீழே மருத்துவர் என்று பெரிய எழுத்தில் தொங்கும் கூடுதல் பட்டையை எல்லா ரெசிடென்ட்டுகளுக்கும் கொடுத்தோம். பல மருத்துவமனைகளில் இது வந்துவிட்டது. பெண் மருத்துவர்களைச் செவிலியர் என்று நினைப்பது இதனால் குறைகிறது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. எங்கள் இன்டர்ன்களில் வெள்ளை ஆண்கள் சிலர் அதை இரண்டே வாரத்தில் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். கறுப்பினப் பெண்களில் ஒருவர் இரண்டாவது பட்டை கேட்டு வாங்கிக்கொண்டார். கோட்டைக் கழற்றினாலும் தெரியும்படி ஸ்க்ரப்ஸ் சட்டையிலும் ஒன்று வேண்டுமாம். தட்டு நீட்டுவது குறைந்திருக்கிறது என்கிறார். ஆனால் அவர் விளக்கிச் சொன்ன பிறகும், ஆண் மருத்துவர் வந்து ஒருமுறை சொல்லட்டும் என்று நோயாளிகள் கேட்பது அப்படியே இருக்கிறது. அதற்கு எங்களிடம் இப்போதுள்ள விதி ஒன்றுதான்: அப்படிக் கேட்டு அழைக்கப்படும் ஆண், அது நானாகவே இருந்தாலும், அறைக்குள் வந்து, உங்கள் மருத்துவர் இவர்தான், இவர் சொன்னதுதான் முடிவு என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும்.